புகை வரும் நேரம்

படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கும். முதலில் பாக்கு நீரிணை, பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டின் முனை. பளை வருவதற்குள் ஐந்து நிமிடமாவது போய்விடும். கிளிநொச்சிக்கு வரும்போது தொலைபேசி இணைப்பு அறுந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து. நான் கதிரையில் ஒரு காலை மடித்து இருப்பேன், எழும்புவேன், யன்னலடிக்குப் போவேன், திரும்பி வந்து கணினித் திரையை விரலால் தட்டுவேன். தட்டினால் வேகமாக இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட வருடங்கள் அவை. வவுனியாவில், பழைய குளங்களைத் திருத்தும் வேலைகளுக்கு வரைபடம் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் இருந்தேன். எந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, எந்த அணைக்கட்டைக் காடு மூடிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களில் பார்ப்பது என் வேலை. சில படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. ஒவ்வொரு நாளும் இரண்டு செயற்கைக்கோள்கள் எங்கள் தலைக்கு மேலே போயின, ஒன்று முற்பகலில், மற்றது மதியம் கடந்த பிறகு. எடுத்த படம் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இணையத்துக்கு வந்துவிடும். காட்டில் பெரிய நெருப்பு எரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருக்கும். புள்ளியிலிருந்து புகை, மங்கிய சாம்பல் நிறத்தில், காற்றுப் போகும் பக்கம் நீண்டு கிடக்கும்.

குளம் பார்க்கச் சம்பளம் வாங்கிய நான் புகை பார்க்கத் தொடங்கியது அக்காவால்தான்.

எனக்கு அவள் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். அவளும் அத்தானும் புளியங்குளத்துக்கு மேற்கே, கண்டி வீதியிலிருந்து இரண்டு கட்டை உள்ளே, தங்கள் காணிக்குத் திரும்பியிருந்தார்கள். பல இடம் ஓடி, பல கொட்டில் போட்டு, கடைசியில் வந்து பார்த்தால் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. அத்தான் கூரை போட்டார். அக்கா கிணறு இறைத்து, கத்தரி வைத்து, ஒன்றுமே நடக்காதது போல வாழத் தொடங்கினாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கும் தொய்வு. மழைக்கு வராது, தூசுக்கும் பெரிதாக வராது. புகை பட்டால் மட்டும் நெஞ்சு அடைத்துவிடும்.

அவர்களுக்கு மேற்கே முழுக்கக் காடு. ஆவணி, புரட்டாதியில், மாரி மழைக்கு முன்பு, சேனை செய்பவர்கள் வெட்டிக் காயவிட்ட பற்றைகளைக் கொளுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழைக்கு முன்பு கொளுத்தினால்தான் சோளமும் பயறும் போடலாம். ஆனால் அந்த நெருப்பு சில வேளை காட்டுக்குப் பாய்ந்துவிடும். பாய்ந்தால் நாட்கணக்கில் எரியும். காலையில் புகை எழும்பிய இடத்திலேயே நிற்கும். மத்தியானம் திரும்பியதும் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றுப் பலமாகி, அதைக் கிழக்கே, நேரே அக்காவின் வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

தொய்வு முற்றினால் வவுனியா ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். இடையில் இராணுவத்தின் ஓமந்தைச் சாவடி, அதற்கு வடக்கே இயக்கத்தின் பகுதி. பின்னேரம் ஐந்து மணிக்குச் சாவடி மூடினால் மறுநாள் காலைதான். முதல் வருடம் அப்படித்தான் நடந்தது. மாலையில் புகை வந்தது, சாவடி மூடியிருந்தது, அக்கா விடியும்வரை கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆள் மிஞ்சமாட்டாள் என்று எனக்குப் பட்டது. பயந்துபோனேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"இந்த ரெண்டு மாசமும் என்னோடை வந்து இருங்கோவன்" என்று கத்தினேன்.

"ஷெல்லுக்கு ஓடினது காணாதெண்டு இனிப் புகைக்கும் ஓடச் சொல்லுறியோ?" என்றாள் அக்கா. "காணியை விட்டிட்டு நான் எங்கையும் வரமாட்டன்."

அதற்குப் பிறகுதான் அந்த ஒப்பந்தம். புகை வரப்போகிற நாளை நான் முன்கூட்டிச் சொல்லவேண்டும். அந்த நாட்களில் மட்டும் அவள் சாவடி மூடுவதற்குள் வந்து, என் அறையில் ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்புவாள். அக்கா இதற்கு ஒத்துக்கொண்டது என்னால் அப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற நம்பிக்கையில்தான்.

பழைய வரைபடத்திலிருந்து வீதியையும் குளங்களையும் ஒரு கண்ணாடித் தாளில் கீறி, திரையின் மேல் ஒட்டினேன். வறட்சியில் குளங்கள் சுருங்கிப் படத்தில் வேறு உருவம் காட்டின. அதனால் கடற்கரையையும் நீரேரிகளையும் வைத்துத்தான் தாளைப் பொருத்தவேண்டும். அக்காவின் வீடு இருக்கும் இடத்தில் ஒரு கறுத்தப் பொட்டு. சிவப்புப் பொட்டு ஒட்டினால் நெருப்பு என்று நானே ஏமாந்துவிடுவேன். முதல் நாளின் இரண்டு படங்களையும் பார்த்து, மூன்று மணித்தியாலத்தில் புகையின் நுனி எத்தனை விரற்கடை நகர்ந்தது என்று அளப்பேன். பிறகு இன்றைய முற்பகல் படத்தில் நுனிக்கும் பொட்டுக்கும் இடையில் எத்தனை விரற்கடை என்று அளப்பேன். வகுத்தால் நேரம் வரும். பெரிய விஞ்ஞானம் இல்லை, ஆனால் எனக்கு அப்போது பெரிய விஞ்ஞானம்தான்.

செய்தி போவது ஒரு முஸ்லிம் நானாவின் கையில். வவுனியாவில் சாமான் ஏற்றிக்கொண்டு தினமும் பன்னிரண்டே முக்கால் மணியளவில் உள்ளே போகும் சின்ன லொறிக்காரர். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் இரண்டு உடுப்புப் பையோடு வெளியேறி, சமாதானம் வந்ததும் அதே வீதியில் வியாபாரத்தைத் திரும்பத் தொடங்கியவர். நான் எழுதிய துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, புளியங்குளம் சந்தித் தேநீர்க் கடையில் கொடுத்துவிட்டு மேலே போவார். கடையிலிருந்து யாராவது சைக்கிளில் அத்தானிடம் கொண்டுபோவார்கள். துண்டில் நான் எழுதுவது இவ்வளவுதான்: "இன்று வரும். பஸ் ஏறுங்கோ."

முதல் தடவை சொன்னது போலவே புகை வந்தது. "காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை" என்றார் அத்தான். இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை, சந்தியில் இருந்தவர்கள் புகை வருமா என்று அக்காவிடம் கேட்டுத்தான் நெல் காயப்போட்டார்களாம். எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஏறவில்லை என்று சொன்னால் பொய். மேலே இருந்து பார்க்கிறவளுக்குக் கீழே இருப்பவர்களை விட எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நாட்களில் வன்னிக்கு உள்ளே ஒரு நேரம், வெளியே ஒரு நேரம் இருந்தது. அரசாங்கம் சில வருடங்களுக்கு முன் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, இயக்கம் அதை ஏற்கவில்லை. வவுனியாவில் நாலு மணி என்றால், ஓமந்தையைத் தாண்டினால் மூன்றரை. எங்களுக்கு அது பழக்கம். யாரையாவது சந்திக்க நேரம் சொன்னால் "பழைய நேரம்" அல்லது "புதிய நேரம்" என்று கூடவே சொல்லுவோம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் இதை மறந்து அரை மணித்தியாலம் வீதியில் காய்வதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

அன்று முற்பகல் படத்தில், மேற்கே இரண்டு சிவப்புப் புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகியிருந்தன. நுனிக்கும் பொட்டுக்கும் இரண்டு விரற்கடை. கணக்குப் போட்டேன், நாலு மணி. துண்டு எழுத எடுத்தபோது நானா வாசலில் நின்று சொன்னார், "தங்கச்சி, இண்டைக்கு உள்ளுக்கு பஸ் ஓடாது. ஏதோ கூட்டத்துக்கு ஆக்களை ஏத்த எல்லா பஸ்ஸும் போட்டுது."

"அப்ப அக்கா என்னெண்டு வாறது?"

"நான் மாங்குளத்துக்குப் போட்டுத் திரும்பி வரேக்கை ஏத்திக்கொண்டு வாறன். மூண்டரைக்குச் சந்தியிலை நிக்கச் சொல்லுங்கோ. கனக்க மினக்கெடேலாது, கேற் பூட்டிப்போடுவாங்கள்."

எழுதினேன்: "இன்று நாலு மணிக்குப் புகை. பஸ் இல்லை. மூன்றரைக்குச் சந்தியில் நில்லுங்கோ, நானாவின் லொறி வரும்." லொறி இயங்கிக்கொண்டே நின்றது. துண்டை மடித்துக் கொடுத்தேன். புளியங்குளம் பக்கம் பார்த்துக் கையைக் கூட ஆட்டினேன், அவ்வளவு நிம்மதி.

நிம்மதி ஒரு மணித்தியாலம் கூட நிற்கவில்லை. ஏதோ உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை. குளத்து வேலையை எடுத்தேன், வைத்தேன். தேநீர் போட்டு ஆறவிட்டேன். வீதிக்குப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன். அலுவலகத்தில் கூட இருந்தவர், "நீங்கள் இருக்கிறீங்களோ நடக்கிறீங்களோ, ஒண்டைச் செய்யுங்கோ" என்று பகிடி பண்ணினார்.

ஐந்து மணி அளவில் லொறி வந்தது. முன்னிருக்கையில் நானா மட்டும்.

"கால் மணித்தியாலம் நிண்டு பாத்தனான் தங்கச்சி. ஆளைக் காணேல்லை, தேத்தண்ணிக் கடையும் பூட்டிக் கிடந்தது. அதுக்கு மேலை நிண்டா நானும் உள்ளுக்கைதான்."

"எத்தினை மணிக்கு நிண்டனீங்கள்?"

"மூண்டரைக்கு. சொன்ன நேரந்தானே."

"யாற்றை மூண்டரை?"

நானா என்னைப் பார்த்தார். அவர் கையில் இருந்த மணிக்கூடு புதிய நேரம். எங்கள் பேச்சு முழுக்க வவுனியா வாசலில் நடந்த பேச்சு. துண்டில் நான் "புதிய நேரம்" என்று எழுதவில்லை. இதுவரை எழுதிய துண்டுகளில் நேரத்துக்கு வேலையே இருக்கவில்லை. அக்கா சுவரில் தொங்கும் பழைய நேரத்தைப் பார்த்து, சொன்ன சொல் தவறாமல், மூன்றரைக்கு வந்திருப்பாள். அப்போது எங்களுக்கு நாலு மணி. லொறி போய்க் கால் மணித்தியாலம் ஆகியிருக்கும்.

உள்ளே ஓடி மதியப் படத்தைத் திறந்தேன். புகையின் நுனி நான் சொன்ன பாதையில், நான் சொன்ன வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு நூல் பிசகவில்லை. நாலு மணிக்குச் சந்தியை மூடியிருக்கும். காற்றை அளந்தேன், தூரத்தை அளந்தேன், மணிக்கூட்டை மறந்தேன். அக்காவை வீட்டிலிருந்து கிளப்பி, வீதியில் கொண்டுவந்து, புகைக்கு நடுவில் நிறுத்தியது நான்தான்.

ஓட்டோ பிடித்து ஓமந்தைக்குப் போனேன். சாவடி மூடியாகிவிட்டது. அக்காவின் தொய்வைச் சொன்னேன், கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். காவலில் நின்ற சிப்பாய்க்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "நாளைக்கு வாங்க" என்றான். அவன் கோபமாகக் கூடச் சொல்லவில்லை. வீதி வெறிச்சென்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. அரை மணித்தியால வழிதான், ஆனால் போக முடியாது.

விடிந்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். சந்திக்குப் போய் இறங்கியபோது காற்றில் இன்னும் கருகல் மணம். தேநீர்க் கடை வாங்கில் அக்கா சுவரோடு சாய்ந்து இருந்தாள். அத்தான் ஈரத் துவாயை அவள் முகத்தருகே பிடித்தபடி நின்றார். இரவு முழுக்க அப்படியே நின்றிருக்கிறார். துவாயை நனைத்து நனைத்து அவர் கைவிரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன. புகைக்குக் கடையைப் பூட்டிப் போயிருந்த கடைக்காரப் பெண் இரவு திரும்பி, மருந்தகத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து ஊசி போடுவித்திருக்கிறாள். அதனால்தான் ஆள் மிஞ்சியிருந்தாள்.

அக்கா என்னைக் கண்டதும் இரண்டு மூச்சு எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீ சொன்ன நேரத்துக்கு... வந்து நிண்டனான்."

எனக்கு அழுகை வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தான் முந்திக்கொண்டார். "அந்த நானா ஏமாத்திப்போட்டார். லொறி இந்தப் பக்கமே வரேல்லை."

நான் சொன்னது இதுதான்: "ஓம் அத்தான். அந்தாளை இனி நம்பேலாது."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், கோழையும் கூட என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அக்காவை வவுனியாவுக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தோம். அத்தான் அதற்குப் பிறகு நானாவிடம் சாமான் வாங்கவில்லை, சந்தியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானாவுக்கு எல்லாம் தெரியும். என் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்த மனிதர். ஆனாலும் அத்தானிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "விடுங்கோ தங்கச்சி, ஆள் தப்பீற்றா தானே" என்றுவிட்டு, லொறிச் சாமான் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினார். என் துண்டுகளையும் முன்பு போலவே கொண்டுபோனார்.

அக்காவிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவள் என் அறைக்கு வந்து தங்கும் நாட்களில், சோறு போட்டுக் கொடுக்கும்போது, சொல்ல வாயெடுப்பேன். அவள், "என்ரை தங்கச்சி வானத்திலை இருந்து பாத்துச் சொல்லுவாள், பிழைக்காது" என்று அயல் அறைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன்.

பிறகு ஒரு சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டைத் திரும்பவும் பின்னுக்கு எடுத்தது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரம். இனி அந்தப் பிழையை யாரும் விடமுடியாது. அதே வருடம் ஆவணியில், சண்டை திரும்பவும் தொடங்கி, ஓமந்தைப் பாதை மூடப்பட்டது. அக்காவும் அத்தானும் உள்ளே, நான் வெளியே. நானாவின் லொறி வவுனியாச் சந்தையடியில் நின்றது.

நான் படம் பார்ப்பதை விடவில்லை. இணைப்பு வேகமாகியிருந்தது, படம் ஒரேயடியாக விழும். இரண்டு வருடம் கழித்து, சண்டை வன்னிக்குள் வந்ததும், அக்கா வீட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், பிறகு தர்மபுரம் பக்கம் என்றார்கள், பிறகு ஒன்றும் கேள்விப்படவில்லை. கறுத்தப் பொட்டை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை. தை மாதத்தில் சிவப்புப் புள்ளிகள் விழத் தொடங்கின. மாசியில் இன்னும் கிழக்கே, பங்குனியில் கடற்கரையோடு. மழை பெய்து பச்சை பிடித்த மண்ணில் தை மாதம் யாரும் சேனை கொளுத்துவதில்லை. ஆனாலும் நான் விரலை வைத்து அளந்தேன். புகை எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மணிக்கு எங்கே போகும் என்று கணக்குப் போட்டு, தாளில் எழுதி, மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வழி இல்லை.

வைகாசியில் சண்டை முடிந்த பிறகு, செட்டிகுளம் பக்கம் முகாமில் அக்காவின் பெயர் இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு முள்ளுக்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் கத்திப் பேசவேண்டும். பக்கத்தில் நிற்கும் நூறு பேரும் அப்படியே கத்துவார்கள். அக்கா வந்தாள். முதலில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி உடம்பாகியிருந்தாள். மூச்சு இழுப்பது தூரத்திலிருந்தே தோளில் தெரிந்தது. தந்த நேரம் பத்து நிமிடம். என்ன பேசுவது என்று தெரியாமல், இத்தனை வருடமாக நெஞ்சில் கிடந்ததையே எடுத்துப் போட்டேன்.

"அக்கா, அண்டைக்கு நானா நேரத்துக்குத்தான் வந்தவர். நான்தான் நேரத்தைப் பிழையா எழுதினனான்."

"எந்த நானா?"

சொன்னேன். புகை, சந்தி, லொறி, பழைய நேரம், புதிய நேரம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அயலவரின் கதையைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு அந்த நாள் ஞாபகத்தில் இல்லை. நான் நாலு வருடம் காவித் திரிந்ததை அவள் எப்போதோ எங்கேயோ இறக்கிவிட்டாள்.

"அதை விடடி" என்றாள். "அத்தானைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனியோ? பங்குனி கடைசியிலை, விடிய, தண்ணி எடுக்கவெண்டு போனவர். மத்தியானம் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

எந்த நாள் என்று கேட்டேன். சொன்னாள். எந்த இடம் என்று கேட்டேன். அதையும் சொன்னாள். அந்த நாளின் படம் என்னிடம் இருந்தது. அந்த இடத்தில் எத்தனை புள்ளி விழுந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

"இல்லை அக்கா" என்றேன். "ஒண்டும் கேள்விப்படேல்லை."